சோலார் வெந்நீர்க் குழாய்கள்: எப்படி இணைப்பது, எப்படிப் போர்த்துவது

சோலார் வெந்நீர் அமைப்பு போட நினைப்பவர்கள் பேனலைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். தட்டைப் பேனலா, வெற்றிடக் குழாய்ப் பேனலா, எத்தனை சதுர மீட்டர், எந்தப் பூச்சு என்று கேள்விகள் நீளும். பேனலையும் டேங்கையும் இணைக்கும் குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் பத்து வருடம் ஓட வேண்டிய அமைப்பு இரண்டே வருடத்தில் ஒழுகுவதும், நல்ல வெயிலடித்த நாளிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருவதும் பெரும்பாலும் அந்தக் குழாயில் நடக்கும் கோளாறுகளால்தான். அதை எப்படி இணைப்பது, எதைக் கொண்டு போர்த்துவது, ஏன் அப்படி என்பதை முதல்முறை படிப்பவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இங்கே பேசுவது மின்சாரம் தரும் பேனலைப் பற்றி அல்ல; வெயிலின் சூட்டை நேரடியாகத் தண்ணீருக்கு ஏற்றும் பேனலைப் பற்றி. அதன் உள்ளே கருப்புப் பூச்சு பூசிய உலோகத் தகடும் அதோடு ஒட்டிய மெல்லிய செம்புக் குழாய்களும் இருக்கும். குளிர்ந்த நீர் கீழே நுழைந்து, சூடாகி, மேலே வெளியேறும். பேனலிலிருந்து டேங்குக்குப் போவது சூடான லைன். டேங்கிலிருந்து பேனலுக்குத் திரும்புவது குளிர்ந்த லைன். இந்த இரண்டுக்கும் நடுவே சுற்றுவது நாம் குளிக்கும் அதே தண்ணீராக இருக்கலாம். அல்லது டேங்குக்குள் இருக்கும் சுருள் வழியாகச் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பும் தனித் திரவமாகவும் இருக்கலாம். உறைபனி விழும் இடங்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதில் தண்ணீர் உறையாமல் இருக்க புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் கலந்திருப்பார்கள்.

சூட்டைப் பிடிப்பதைவிடப் பிடித்த சூட்டைத் தக்கவைப்பதுதான் கடினம் என்பதை இந்தத் துறை ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் காப்புரிமை பெற்ற சோலார் ஹீட்டரில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தண்ணீர்த் தொட்டிகளே நேராக வெயிலில் கிடந்தன. பகலில் நன்றாகச் சூடாகும், இரவில் ஆறிப்போகும். 1909இல் வில்லியம் பெய்லி சூடேறும் பகுதியையும் சேமிக்கும் டேங்கையும் தனித்தனியாகப் பிரித்தார். டேங்கை மேலே வைத்து, சுற்றிலும் வெப்பக் காப்புப் போட்டு, குழாய்களால் இணைத்தார். மறுநாள் காலையிலும் வெந்நீர் கிடைத்தது. இன்று உலகெங்கும் கூரைகளில் இருப்பது அதே அமைப்புதான். 1913இல் கலிஃபோர்னியாவில் எதிர்பாராத கடுங்குளிர் வந்து குழாய்கள் வெடித்த பிறகு, உறையாத திரவத்தைத் தனிச் சுற்றில் ஓட்டும் முறையையும் பெய்லியே கொண்டுவந்தார்.

எவ்வளவு சூடாகும்?

குழாய் வேலையில் மற்ற எல்லா முடிவுகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன. நமக்குத் தேவை 50, 60 டிகிரி வெந்நீர்தானே, அதைத் தாங்கும் குழாய் போதாதா என்று தோன்றும். போதாது. அமைப்பு ஒழுங்காக ஓடும் நாளில் வேண்டுமானால் போதும். பம்ப் நின்றுபோன நாளையும், வீட்டில் யாரும் இல்லாமல் டேங்க் நிரம்பச் சூடாகிக் கிடக்கும் உச்சிவெயில் நாளையும் யோசித்துப் பாருங்கள். வெயில் நிற்பதில்லை. பேனல் வாங்கிக்கொண்டே இருக்கும், சூட்டை எடுத்துப்போக ஆளில்லை. அப்போது நல்ல தட்டைப் பேனலின் உட்புறம் 180, 200 டிகிரி வரை போகும். வெற்றிடக் குழாய்ப் பேனல் 200ஐத் தாண்டியும் போகும்.

மூடிய சுற்றில் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. அழுத்தமானி 3 பார் காட்டினால் கொதிநிலை 143 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைத் தாண்டியதும் பேனலில் நீராவி உண்டாகி, உள்ளே இருக்கும் திரவத்தைக் குழாய்க்குள் தள்ளும். பின்னாலேயே ஆவியும் சில மீட்டர் தூரம் குழாய்க்குள் வரும். ஆக, பேனலை ஒட்டிய குழாயும் இணைப்பும் காப்பும் 150 டிகிரியை அவ்வப்போது சந்திக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இந்தக் குழாயை அமைப்பு ஓடும் நாளுக்காகப் போடக் கூடாது, ஓடாத நாளுக்காகப் போட வேண்டும். நான் சொல்ல வருவதன் சாரமே இதுதான்.

எந்தக் குழாய்?

செம்பு. பெரும்பாலான வேலைகளுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. சூடு தாங்கும், அழுத்தம் தாங்கும், பேனலின் உள்குழாயும் பெரும்பாலும் செம்புதான் என்பதால் உலோகப் பொருத்தமும் சரியாக அமையும். வளைத்து நெளித்துக் கொண்டுபோக வேண்டிய இடத்தில் நெளிவு நெளிவாக இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வசதி. கையாலேயே வளையும், வழியில் இணைப்புகள் குறையும். அதன் நெளிவுகளால் ஓட்டத்துக்குத் தடை சற்று அதிகம். அதனால் ஒரு அளவு பெரிதாக எடுப்பது வழக்கம்.

பிளாஸ்டிக் குழாய்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சி.பி.வி.சி. குழாயின் உச்ச வரம்பு 93 டிகிரியை ஒட்டியது. பெக்ஸ் 95 வரை தாங்கும் என்பார்கள். பி.பி.ஆர். தொடர்ந்து சூட்டில் இருந்தால் அதைவிடவும் குறைவாகவே தாங்கும். வெந்நீர்க் குழாய் என்றுதான் இவையெல்லாம் விற்கப்படுகின்றன, அது பொய்யும் அல்ல. டேங்கிலிருந்து குளியலறைக்குப் போகும் லைனில், டேங்கின் சூடு கட்டுப்பாட்டில் இருக்கும்வரை, நன்றாகவே உழைக்கும். பேனலுக்கும் டேங்குக்கும் நடுவே மட்டும் போடாதீர்கள். முதல் வருடம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு கோடையில் குழாய் தொய்ந்து, இரண்டு கிளாம்ப்களுக்கு நடுவே வயிறு தள்ளி நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தத் தொய்வுக்கு இருபுறமும் மேடாக நிற்கும் இடத்தில் காற்று தேங்கும், ஓட்டம் நிற்கும், சூடு இன்னும் ஏறும்.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ. குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும்போது துத்தநாகப் பூச்சு இரும்பைக் காக்கும் திறன் குறைகிறது. அதோடு, ஓட்டத்தில் செம்பு முன்னாலும் ஜி.ஐ. பின்னாலும் இருந்தால், தண்ணீரில் கரைந்து வரும் செம்பின் நுண்துகள் துத்தநாகத்தின் மேல் படிந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். கிளைக்கால் கலந்த சுற்றிலோ துத்தநாகமே கூடாது. கிளைக்காலோடு சேர்க்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள் அதனுடன் வினைபுரிந்து சேறு போலப் படியும். ஏற்கெனவே இருக்கும் ஜி.ஐ. லைனோடு செம்பைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் பித்தளை இணைப்போ, இரு உலோகங்களும் தொடாமல் பிரிக்கும் யூனியனோ போடுங்கள்.

இணைப்புகள்

ஒழுகல் எப்போதும் இணைப்பில்தான் தொடங்கும். சாதாரணக் குடிநீர்க் குழாயில் வருடக்கணக்கில் தாங்கும் இணைப்பு சோலார் சுற்றில் ஏன் தாங்குவதில்லை? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தினமும் சூடாவதும் ஆறுவதும். காலையில் 25 டிகிரியில் இருந்த இணைப்பு மதியம் 90க்குப் போய் இரவில் திரும்பும். ஒவ்வொரு நாளும் உலோகம் நீண்டு சுருங்குகிறது. இரண்டாவது, கிளைக்காலின் குணம். அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் ஏறக்குறைய பாதிதான். தண்ணீர் நுழையாத இடுக்கிலும் அது ஊர்ந்து வெளியே வரும். தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது சொட்டாத இணைப்பு, கிளைக்கால் நிரப்பிய மறுநாள் பிசுபிசுவென்று நிற்பது இதனால்தான்.

செம்புக் குழாயைச் சால்டரிங் செய்து ஒட்டுவது எல்லோருக்கும் பழக்கமான முறை. இதில் கம்பியின் தரம் முக்கியம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். குடிநீருக்கும் அது ஆகாது. ஈயமில்லாத வெள்ளீயம்-செம்புக் கம்பி 227 டிகிரியில் உருகும். உருகும் புள்ளிக்கு வெகு முன்பே சால்டர் வலுவிழக்கத் தொடங்கிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். பேனல் 200 டிகிரியைத் தொடும் அமைப்பில், பேனலை ஒட்டிய முதல் சில மீட்டருக்குச் சால்டரிங்கை நம்ப வேண்டாம். அங்கே பிரேசிங் செய்யலாம். அது 450 டிகிரிக்கு மேல் உருகும் கலவையால் ஒட்டுவது. இல்லையென்றால் பித்தளைக் கம்ப்ரஷன் இணைப்பு. கருவியும் எளிது, பிறகு பேனலைக் கழற்ற வேண்டி வந்தாலும் கழற்றலாம் என்பதால் பேனல் வாயில் நான் விரும்புவது கம்ப்ரஷன் இணைப்பைத்தான்.

கம்ப்ரஷன் இணைப்பில் குழாயின் மேல் ஒரு சிறு பித்தளை வளையம் ஏறும். நட்டை முறுக்க முறுக்க, அந்த வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்விப் பிடிக்கும். இந்தச் சிறு வேலையில்தான் கவனம் தேவை. குழாயை நேராக, அதன் நீளத்துக்குச் செங்குத்தாக வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் உள்ளேயும் வெளியேயும் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். குழாய் இணைப்புக்குள் முட்டும்வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையால் முடிந்தவரை முறுக்கிய பிறகு, ஒரு ஸ்பேனரால் இணைப்பின் உடலைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை ஏறக்குறைய முக்கால் முதல் ஒரு சுற்று வரை திருப்பினால் போதும். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் பேனலின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் குழாய்க்குப் போகும். அது திருகி உடைந்தால் பேனலே போயிற்று. மென்மையான செம்புக் குழாய் என்றால் அதன் வாய்க்குள் ஒரு பித்தளைக் கூட்டைச் செருகுங்கள். வளையம் கவ்வும்போது குழாய் நசுங்காது.

கருவியால் அழுத்திப் பொருத்தும் பிரஸ் இணைப்புகள் வேகமானவை. ஆனால் அவற்றின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. வழக்கமான ஈ.பி.டி.எம். வளையம் 110, 120 டிகிரியோடு நின்றுவிடும். சோலாருக்கென்று எஃப்.கே.எம். வளையம் வைத்த இணைப்புகள் தனியாக வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். திருகு இணைப்புகளுக்குச் சணலும் சூடு தாங்கும் பேஸ்ட்டும் நல்ல பழைய வழி. டெஃப்லான் டேப் 260 டிகிரி வரை தாங்கும் என்பதால் சூடு அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் ஒருமுறை முறுக்கிவிட்டுப் பின்னால் திருப்பினால் டேப் கிழியும், கிளைக்கால் அந்த வழியே வந்துவிடும். திருப்ப நேர்ந்தால் பழைய டேப்பை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட பேனல் இருந்தால்

ஒரே பேனல் என்றால் விஷயம் எளிது. கீழ் மூலையில் ஒரு பக்கம் நுழைந்து, எதிர்ப்பக்க மேல் மூலையில் வெளியே வர வேண்டும். ஒரே பக்கமாக உள்ளே விட்டு வெளியே எடுத்தால், தண்ணீர் பக்கத்தில் இருக்கும் குழாய்களில் மட்டும் ஓடிவிட்டுப் போய்விடும். தூரத்தில் உள்ளவை வீணே காயும்.

பேனல்கள் பலவாக இருந்தாலும் இதே கதைதான். அவற்றை இணையாக இணைக்கும்போது, எந்தப் பேனல் வழியாகப் போனாலும் தண்ணீர் கடக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. குளிர்ந்த லைன் முதலில் எந்தப் பேனலுக்குக் கொடுக்கிறதோ, சூடான லைன் அந்தப் பேனலிலிருந்தே தொடங்கி, மற்றப் பேனல்களைக் கடந்து, கடைசிப் பேனலுக்கு அப்பால் வெளியேற வேண்டும். டிச்செல்மான் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பெயரால் அழைக்கப்படும் முறை இது. குழாய் சற்று நீளும், ஆனால் தனித்தனி வால்வு போட்டு ஓட்டத்தைச் சமன் செய்யும் வேலை மிச்சம். தொடராக இணைத்தால், ஒரு பேனலின் சூடான நீரே அடுத்ததற்குள் போகும். வெப்பம் ஏறும், ஆனால் ஓட்டத்துக்குத் தடையும் ஏறும். இரண்டு மூன்று பேனலுக்கு மேல் தொடராகப் போவதற்கு முன் தயாரிப்பாளர் தரும் வரம்பைப் பாருங்கள்.

அளவும் சரிவும் காற்றும்

குழாய் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு இங்கே பாதிதான் சரி. பம்ப் வைத்த அமைப்பில் பேனலின் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 40, 50 லிட்டர் ஓடினால் போதும். 4 சதுர மீட்டர் பேனலுக்கு மணிக்கு 160 முதல் 200 லிட்டர். இதற்கு 15 மி.மீ. செம்புக் குழாய் தாராளம். 22 மி.மீ. போட்டால் வெளிப்பரப்பு கூடி இழப்பும் கூடும். உள்ளே நிற்கும் தண்ணீரும் இரட்டிப்புக்கு மேல் ஆகும். 15 மி.மீ. குழாயில் மீட்டருக்கு சுமார் 0.15 லிட்டர் நிற்கும், 22 மி.மீ. குழாயில் 0.32 லிட்டர். ஒவ்வொரு மாலையும் அந்தத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே ஆறிப்போகும். டேங்கிலிருந்து குளியலறைக்குப் போகும் லைனிலும் இதே கணக்குத்தான். 15 மீட்டர் தூரத்துக்கு 22 மி.மீ. போட்டால், வெந்நீர் வருவதற்கு முன் ஏறக்குறைய 5 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.

பம்ப் இல்லாத அமைப்பு வேறு ரகம். அங்கே சூடான நீர் இலேசாகி மேலே ஏறுவதுதான் ஓட்டம். அந்த விசை எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். சூடான லைன் 60 டிகிரி, குளிர்ந்த லைன் 30 டிகிரி, உயர வித்தியாசம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் ஆறேழு மில்லிமீட்டர் உயர நீரின் எடைக்குச் சமம், அவ்வளவுதான். ஒரு காற்றுக்குமிழி குறுக்கே நின்றாலே ஓட்டம் நின்றுவிடும். அதனால்தான் இங்கே குழாய் பெரிதாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். எல்போக்கள் குறைவாக இருக்க வேண்டும். பேனலிலிருந்து டேங்க் வரை சூடான லைன் ஓரிடத்திலும் கீழே இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். கிளாம்ப் அடிப்பதற்கு முன் நூல் கட்டியோ, ரசமட்டம் வைத்தோ ஏற்றத்தைச் சரிபாருங்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும் குழாய் பல நேரம் நேராக இருப்பதில்லை.

பம்ப் நின்றதும் பேனலில் உள்ள தண்ணீர் முழுவதும் கீழே ஒரு தொட்டிக்கு வடிந்துவிடும் அமைப்பும் உண்டு. அதில் சரிவு இன்னும் கண்டிப்பு, மீட்டருக்கு 20 மி.மீ.யாவது கீழ்நோக்கி இறங்க வேண்டும். ஓரிடத்தில் தண்ணீர் தேங்கினாலும் குளிர் நாட்களில் அங்கேதான் உறைந்து வெடிக்கும்.

மூடிய சுற்றில் காற்று சேரும் இடம் எப்போதும் உச்சிதான். அங்கே ஒரு ஏர் வென்ட் வையுங்கள். தானாகத் திறக்கும் வகை என்றால் 150 டிகிரி தாங்குவதாகவும், அதன் கீழே ஒரு அடைப்பு வால்வோடும் இருக்க வேண்டும். காற்றெல்லாம் போன பிறகு அந்த வால்வை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் சூடேறிய நாளில் ஆவியும் அந்த வழியே போய்விடும்.

நீட்சியையும் மறந்துவிடக் கூடாது. 10 மீட்டர் செம்புக் குழாய் 100 டிகிரி ஏறினால் 17 மி.மீ. நீளும். இரு முனையையும் இறுகக் கட்டிவிட்டால் அந்த நீட்சி இணைப்பைத்தான் நெம்பும். நீண்ட ஓட்டத்தில் ஒரு திருப்பமோ, 'ப' வடிவ வளைவோ கொடுங்கள். கிளாம்ப்கள் குழாய் நழுவ இடம் விட வேண்டும், ஓரிடத்தில் மட்டும் இறுகப் பிடித்தால் போதும்.

பாதுகாப்பு குறித்து ஒரே ஒரு விதி, ஆனால் விதிவிலக்கே இல்லாதது. பேனலுக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவே, பேனலுக்கும் விரிவுக் கலத்துக்கும் (சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் கொடுக்கும் கலம்) நடுவே, யாரும் தெரியாமல் மூடிவிடக்கூடிய எந்த வால்வும் இருக்கக் கூடாது. திறந்த அமைப்பின் காற்றுக் குழாயும் அப்படித்தான். அது மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து, எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சொட்டுகிறது என்று அதற்கு மூடி போட்டால் டேங்க் வெடிகுண்டாகும்.

போர்த்துவதற்கு முன்

காப்பைச் சுற்றும் அவசரத்தில் சோதனையை விட்டுவிடாதீர்கள். முதலில் சுற்றைக் கழுவி, சால்டரிங் பசையும் செம்புத் தூளும் வெளியேறும்வரை தண்ணீர் விடுங்கள். பிறகு அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியாலோ டிஷ்யூ தாளாலோ ஒற்றிப் பாருங்கள். இதையெல்லாம் அதிகாலையிலோ, பேனலைப் போர்வையால் மூடியோ செய்ய வேண்டும். வெயிலில் காய்ந்து கிடக்கும் வெறும் பேனலுக்குள் தண்ணீர் விட்டால் உடனே ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

வெப்பக் காப்பு ஏன், எவ்வளவு?

எண்களாகப் பார்த்தால்தான் இது உறைக்கும். 22 மி.மீ. செம்புக் குழாய், சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கிறது. ஒன்றும் போர்த்தாவிட்டால் மீட்டருக்கு ஏறக்குறைய 28 வாட் போய்விடும். போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டர் குழாய் என்றால் 560 வாட். 2 சதுர மீட்டர் பேனல் நல்ல வெயிலில் தருவதே 1000 வாட் அளவுதான். பாதிக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. அதே குழாய்க்கு 20 மி.மீ. தடிமனில் நல்ல காப்புப் போட்டால் இழப்பு மீட்டருக்கு 9 வாட்டுக்குள் வந்துவிடும்.

காற்று வீசினால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். வெற்றுக் குழாயின் இழப்பு இரண்டு மடங்காகும். போர்த்திய குழாயில் அரை வாட் கூடினாலே அதிகம், ஏனென்றால் அங்கே சூட்டைத் தடுப்பது காப்பின் தடிமன், வெளிக்காற்று அல்ல.

இன்னும் தடிமனாகப் போட்டால்? 10 மி.மீ. காப்பு 28ஐ 12 ஆக்கும். 20 மி.மீ. அதை 9க்குக் கீழே கொண்டுவரும். 40 மி.மீ. போட்டால் 6. முதல் சென்டிமீட்டர் செய்யும் வேலையை நான்காவது செய்வதில்லை. குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தடிமன் காப்பு என்பது நினைவில் வைக்க எளிய அளவு. குளிர் கடுமையான இடமாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, தடிமனைக் கூட்டுவதைவிட விட்டுப்போன இடங்களை மூடுவதே பெரிய லாபம் என்பது விளங்கும். ஒரு மீட்டர் வெற்றுக் குழாய் இழப்பது, போர்த்திய மூன்று மீட்டருக்கு மேல் இழப்பதற்குச் சமம். ஆனால் நடப்பது என்ன? நேரான குழாயை அழகாகப் போர்த்திவிட்டு, எல்போ, டீ, வால்வு, பேனல் வாய் எல்லாவற்றையும் கை நுழையவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மிகச் சூடான இடமே பேனல் வாய்தான்.

எதைக் கொண்டு போர்த்துவது?

கடைகளில் எளிதில் கிடைக்கும் சாம்பல் நிறப் பாலிஎத்திலீன் ஃபோம் 100 டிகிரியை ஒட்டி உருகிச் சுருங்கிவிடும். டேங்கிலிருந்து குளியலறைக்குப் போகும் லைனுக்கு அது போதும், பேனல் சுற்றுக்கு ஆகாது. ஏ.சி. குழாய்களில் போடும் கருப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோமும் 105, 110 டிகிரி வரைதான். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் ஈ.பி.டி.எம். ஃபோம் தொடர்ந்து 125 டிகிரியையும், சிறிது நேரத்துக்கு 150ஐயும் அதற்கு மேலும் தாங்கும். சோலாருக்கு என்று கேட்டு வாங்க வேண்டியது இதுதான். வெற்றிடக் குழாய்ப் பேனலின் வாயை ஒட்டிய பகுதிக்கு, பாறையை உருக்கி இழையாக்கிய ராக் வூல்தான் நிம்மதி. அந்தச் சூடெல்லாம் அதற்குச் சாதாரணம். அதன் பலவீனம் தண்ணீர். நனைந்த ராக் வூல் காப்பே அல்ல. அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குழாயையும் அரிக்கும். எனவே அதற்கு மேலே தண்ணீர் புகாத உலோக உறை கட்டாயம்.

ஃபோம் போடுவதில் ஒரு நல்ல பழக்கம் சொல்கிறேன். முடிந்தவரை, குழாயை இணைப்பதற்கு முன்பே ஃபோமைக் கிழிக்காமல் அப்படியே குழாயின் மேல் ஏற்றிவிடுங்கள். இணைப்பு வரும் இடத்தில் மட்டும் பின்னால் தள்ளிக் கிளிப் போட்டு நிறுத்தி, சோதனை முடிந்த பிறகு இழுத்து ஒட்டலாம். ஏற்கெனவே போட்ட குழாய் என்றால் நீளவாக்கில் கிழித்துத்தான் மாட்ட வேண்டும். கிழிசல் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும், மழை உள்ளே இறங்காது. வெட்டு முகங்கள் இரண்டிலும் அதற்குரிய பசையைத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் சில நாளில் வாய் பிளக்கும். எல்போவில் ஃபோமை வளைத்துத் திணித்தால் வெளிவளைவில் மெலிந்து, உள்வளைவில் மடியும். இரண்டு துண்டுகளை 45 டிகிரியில் வெட்டி மூலை சேர்த்து ஒட்டினால் தடிமன் குறையாமல் நிற்கும். இரு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் சில மில்லிமீட்டர் நீளமாகவே வெட்டி நெருக்கி ஒட்டுங்கள். வெயிலில் ஃபோம் சுருங்கினாலும் இடைவெளி திறக்காது.

கிளாம்ப் ஃபோமுக்கு மேலே வரட்டும். உலோகக் கிளாம்ப் நேரே குழாயைத் தொட்டால் சூடு அதன் வழியே சுவருக்குப் போகும். ஆனால் ஃபோமை நசுக்கும்படி முறுக்கவும் கூடாது. நசுங்கிய இடத்தில் காப்பு இல்லை. கனமான குழாய்க்கு உள்ளே கெட்டியான காப்பு வளையம் வைத்த கிளாம்ப்கள் கிடைக்கின்றன. சூடான லைனையும் குளிர்ந்த லைனையும் ஒரே உறைக்குள் தொட்டுக்கொண்டு போகும்படி வைக்காதீர்கள். பேனல் கொடுத்த சூட்டை அவை தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனிக் காப்புப் போட்ட பிறகு பக்கத்தில் பக்கத்தில் கட்டலாம்.

கூரையின் மேல் இருக்கும் ஃபோமுக்கு வெயிலே பகை. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பு வெடித்து, தொட்டால் உதிரும். பறவைகளும் அதைக் கொத்திக் கூடு கட்டக் கொண்டுபோகும், அணிலும் எலியும் கடிக்கும். புற ஊதாவைத் தடுக்கும் பெயிண்ட் சில காலம் உதவும், ஆனால் அலகுக்கும் பல்லுக்கும் அது தடையில்லை. மெல்லிய அலுமினியத் தகட்டை உருட்டி ரிவெட் அடித்து உறையாகப் போடுவதே நீடிக்கும் வழி. சரிவான குழாயில் உறையைக் கீழிருந்து மேலாகப் போட்டு வாருங்கள். ஓடு வேய்வதுபோல மேல் துண்டின் விளிம்பு கீழ் துண்டின் மேல் ஏறியிருந்தால் தண்ணீர் வழிந்து வெளியே போகும். கூரையைத் துளைத்து உள்ளே போகும் இடத்தில் காப்பை நிறுத்திவிடாமல் துளையைப் பெரிதாகப் போட்டு, காப்போடு சேர்த்தே குழாயை இறக்குங்கள்.

சில இடங்களைப் போர்த்தக் கூடாது. விரிவுக் கலமும் அதற்குப் போகும் சிறு குழாயும் வெறுமையாகவே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ரப்பர்ப் படலம் சூட்டுக்குத் தாங்காது, திரவம் அங்கே போவதற்குள் ஆற வேண்டும். அதே காரணத்துக்காக அதைக் குளிர்ந்த லைனில் இணைத்து, கலம் கீழே தொங்கும்படி வைக்கிறார்கள். சேஃப்டி வால்வின் வாயையும் ஏர் வென்ட்டின் தலையையும் மூடாதீர்கள். பேனலில் சூட்டை அளக்கும் சென்சார் நேர்மாறு. அதைக் குழிக்குள் முழுவதும் செருகி, சுற்றிலும் நன்றாகப் போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காற்றைப் படித்துவிட்டு, பம்பைத் தாமதமாக ஓட்டும். அதன் வயர் சிலிகான் உறை போட்டதாக இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. வயர் சூடான குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் இளகிப் பழுதாகிவிடும்.

இரவில் திரும்பும் சூடு

எல்லாம் சரியாகப் போர்த்திய பிறகும் காலையில் டேங்க் ஆறிக் கிடந்தால், சூடு குழாய்ச் சுவர் வழியாகப் போகவில்லை, குழாய்க்குள்ளேயே நடந்து போகிறது என்று பொருள். இரவில் பேனல் வானத்தைப் பார்த்துக் குளிர்கிறது. உள்ளே உள்ள நீர் கனத்துக் கீழே இறங்க, டேங்கிலிருந்து சூடான நீர் மேலேறிப் பேனலுக்குப் போகும். பகலில் நடந்தது அப்படியே தலைகீழாக நடக்கிறது. பம்ப் வைத்த மூடிய சுற்றில் இதைத் தடுக்க, ஒரு திசையில் மட்டும் ஓடவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுவார்கள். வடிந்து காலியாகும் அமைப்பில் மட்டும் அது கூடாது, தண்ணீர் வடியாது. பம்ப் இல்லாத அமைப்பில் டேங்கின் அடிப்பாகம் பேனலின் மேல்விளிம்பைவிட ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் எதிரோட்டம் பெரும்பாலும் எழாது.

ஒரே குழாய்க்குள்ளும் இது நடக்கும். டேங்கின் மேல்பகுதியிலிருந்து நேரே மேலே ஏறும் குழாயில், நடுவே சூடான நீர் ஏறவும் ஓரத்தில் ஆறிய நீர் இறங்கவுமாக ஒரு சுழற்சி இரவு முழுவதும் ஓடும். டேங்கை விட்டு வெளியே வந்ததும் குழாயைக் கீழ்நோக்கி இறக்கி, விட்டத்தைப் போலப் பத்து மடங்கு ஆழத்துக்குக் கொண்டுபோய், பிறகு திருப்புங்கள். சூடான நீர் கீழே இறங்காது என்பதால் சுழற்சி அங்கேயே நின்றுவிடும். பம்ப் இல்லாத அமைப்பின் சூடான லைனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே இறக்கம் வந்தால் பகல் ஓட்டமே நின்றுவிடும். குளியலறைக்குப் போகும் லைனில் தாராளமாகச் செய்யலாம்.

சந்தேகம் இருந்தால் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பொழுது சாய்ந்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து, டேங்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி காப்பைக் கொஞ்சம் விலக்கிக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பம்ப் ஓடாமல், யாரும் வெந்நீர் எடுக்காமல் இருக்கும்போதும் குழாய் சுடுகிறது என்றால், நான்-ரிட்டர்ன் வால்வில் தூசி சிக்கியிருக்கிறதா என்று கழற்றிச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் காப்பைச் சந்தேகப்படலாம்.